கை வைத்த தட்டு

பெண் ஆடிக்கொண்டிருந்தாள். முதலில் சுகந்திக்குத் தன் கண்தான் ஆடுகிறது என்று தோன்றியது. பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரை வெறும் வயிற்றோடு காரில் குலுங்கி வந்தால் யாருக்குத்தான் கிறுகிறுக்காது. கண்ணை இறுக மூடித் திறந்து பார்த்தாள். சுவரில் ஜவுளிக்கடைக் காலண்டர் அசையவில்லை, டிவி மேல் நின்ற கண்ணாடி மயில் அசையவில்லை, பெண்ணின் அப்பா சண்முகசுந்தரம் வேட்டி மடிப்புக் கலையாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார், அவரும் அசையவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த பெண் மட்டும், முன்னால் ஒரு விரற்கடை, பின்னால் ஒரு விரற்கடை, தூங்காத குழந்தையை மடியில் வைத்திருப்பவள் போல ஆடினாள். மடியில் குழந்தை இல்லை, கோத்த இரண்டு கைகள்தான் இருந்தன, கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு இறுகிக் கோத்த கைகள். பகவதி, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, காலேஜில் பாடம் எடுக்கிறாள், ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறவளுக்கு ஐந்து பேர் முன்னால் உட்கார முடியவில்லையா? யாருக்கும் கண் தெரியவில்லையா இந்த ஹாலில்? தன் வீட்டுக்காரர் சிதம்பரநாதனைப் பார்த்தாள், அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் பார்ப்பது அந்த வீட்டு மின்விசிறியைத்தான், என்ன கம்பெனி, எத்தனை இறக்கை, நம் வீட்டில் உள்ளதைவிடச் சத்தம் கம்மியா. அவருடைய அக்கா லோகா மதினியோ, சம்பந்தம் பேசிக் கொண்டுவந்தவள் என்ற ஹோதாவில், பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாள். மகனைச் சுகந்தி பார்க்கவில்லை. பார்த்தால் காலையில் அவன் சொன்னது திரும்பக் காதில் கேட்கும். பார்க்காவிட்டாலும் கேட்டது.

ரெஜிஸ்டர் பண்ணியாச்சும்மா. அவ்வளவுதான் சொன்னான் கைலாஷ், தாத்தா கைலாசத்தின் பெயரைப் பாதி வெட்டி வைத்ததாலோ என்னவோ அவன் பேச்சும் எப்போதும் பாதி வெட்டியதாகவே இருக்கும். அவள் கண்ணாடி முன்னால் நின்று முந்தானை மடிப்புக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள், வாயில் இன்னொரு ஊக்கு. அது மட்டும் இல்லாதிருந்தால் அவனுக்கு அங்கேயே அர்ச்சனை நடந்திருக்கும். ஊக்கைக் கடித்தபடி என்னடா என்றாள், அது 'ங்ங்' என்று வந்தது. "சென்னையில. போன மாசம். ஆபீஸ்ல கூட வேல பாக்குறா, ஷெரின்னு பேரு. நாகர்கோவில். சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன், அத்தை அதுக்குள்ள இத ஏற்பாடு பண்ணிட்டாங்க." போனில் ஒரு படம் காட்டினான். மாலை போட்டுக்கொண்டு இரண்டு பேர், பின்னால் பச்சை டிஸ்டம்பர் அடித்த சுவர், சுவரோரம் ஒரு பக்கெட். தன் ஒரே பிள்ளையின் கல்யாணப் படத்தில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கெட் நிற்கிறது என்பதைத்தான் அவள் மனம் பிடித்துக்கொண்டது, பெண்ணின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை, பக்கெட் நீலம், கைப்பிடி உடைந்தது. வாசலில் ஹார்ன். சிதம்பரநாதனின் ஹார்ன், அதற்கு மேல் லோகா மதினியின் குரல், "ஏளா சுகந்தி, ராகுகாலத்துக்கு முன்னாடி ஏறணுமா வேண்டாமா?" அங்கேயே நின்று, வண்டியை நிறுத்துங்கள், பயணம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன்? ஏனென்றால் சுகந்திக்கு எல்லாம் உடனே முடிய வேண்டும், பால் பொங்குமுன் அடுப்பை அணைக்கிறவள், ஒரு மடிப்பு குத்தி முடிப்பதற்குள் ஒரு வழி தோன்றிவிட்டது, தோன்றிய வழி மகா புத்திசாலித்தனமாகவும் தெரிந்தது. "வாய மூடிக்கிட்டு வண்டியில ஏறு. போவோம், உக்காருவோம், காபியக் குடிப்போம், தட்டுல கை வைக்காம எந்திரிச்சு வருவோம். முடிஞ்சுது. உங்கப்பாட்ட நான் ராத்திரி பக்குவமா சொல்லிக்கிடுதேன்." அவன், "நீங்க பாத்துக்குவீங்கல்லம்மா?" என்றான், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. பாத்துக்கிடுதேன் என்றாள்.

தட்டு. அதுதான் இவர்கள் வகையறாவில் பேச்சு. பெண் பார்க்கப் போனால் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், முன்னால் கொண்டுவந்து வைக்கிற பலகாரத் தட்டில் மாப்பிள்ளையின் அம்மா கை வைக்கும்வரை வேறு யாரும் தொடமாட்டார்கள். அவள் கை வைத்தால் சம்மதம். வைக்காமல் எழுந்தால் சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொன்னதாக அர்த்தம். யாரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், யாரும் அழ வேண்டாம், பலகாரம் அப்படியே டப்பாவுக்குத் திரும்பிப் போய்விடும். சுகந்தி கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள், கான்வென்ட் சிரிப்பு, ஒரு முறுக்கில் உலகமே இருக்கிறதா என்று. இப்போது அந்த முறுக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. தட்டு வந்துவிட்டது, கண்ணாடி டீப்பாயில் அவளுக்கு நேரே, ஒரு பக்கம் முந்திரிக்கொத்து, ஒரு பக்கம் மிக்சர், நிலக்கடலை தாராளமாகப் போட்ட மிக்சர், கருவேப்பிலை பொரிந்து மினுமினுத்தது. பெண்ணின் அம்மா முத்துலெட்சுமி தட்டை ஓர் அங்குலம் இவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்க் கதவோரம் நின்றாள். சொல்லக் கூடாது, அதுவும் வழக்கம். வயிறு ஒருமுறை முனகியது. சும்மா கிட என்றாள் வயிற்றை. பெண் ஆடினாள்.

காலை ஆட்டினால்கூடச் சொல்லலாம், காலை ஆட்டாதே குடும்பத்துக்கு ஆகாது என்று, அது எல்லா வீட்டிலும் சொல்வது. முழு உடம்பும் ஆடினால் அதற்கு என்ன சொல்வது? சுகந்தி காலை ஆட்டியவள்தான், ஏழாம் வகுப்பில், கணக்கு நோட்டுத் திருத்தி வரும் நாட்களில், பெஞ்சுக்கு அடியில் இரண்டு முழங்காலும் தையல் மிஷின் மாதிரி. சிஸ்டர் பிலோமினா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு மர ஸ்கேலைக் கொண்டுவந்து அவளுடைய இரண்டு முழங்கால்கள் மேலும் குறுக்கே வைத்தார், குட் கேர்ள்ஸ் சிட் ஸ்டில் என்றார், போய்விட்டார். ஸ்கேல் விழுந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். சிமெண்ட் தரையில் மர ஸ்கேல் விழும் சத்தம் இருக்கிறதே, அது உலகத்திலேயே கேவலமான சத்தம். ஒரு டெர்ம் முழுக்க. அதற்கப்புறம் கால் ஆடியதே இல்லை, பிரசவத்தில்கூட ஆடவில்லை என்று நர்ஸ் சொன்னாள், அப்பா போன அன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் ஆடவில்லை. அந்தத் தெம்பில்தான் அவள் வீட்டில் அத்தனை பேர் காலையும் அதட்டி அடக்கியது. சிதம்பரநாதன் டிவி முன்னால் ஆட்டினால் துடைப்பத்தால் ஒரு தட்டு, கைலாஷ் சாப்பிடும்போது ஆட்டினால் தொடையில் ஒரு கிள்ளு. மனுஷர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? அவர்களுக்கெல்லாம் வீட்டில் ஒரு சாமானை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது, ரிமோட்டில் ரப்பர் பொத்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது, யார் பிய்த்தது என்று கேட்டால் அப்பாவும் பிள்ளையும் அவளையே பார்ப்பார்கள், திருட்டு முழி. புடவையோ கேட்கவே வேண்டாம், இந்தக் காலத்து நெசவு, ஒரு கல்யாணத்துக்குக் கட்டிப் போய்விட்டு வந்தால் முந்தானைக் குஞ்சம் நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது.

"தங்கச்சி கேக்கணும்னா ஏதும் கேளுங்க" என்று சண்முகசுந்தரம் சொன்னார். தங்கச்சி என்றது தன்னை என்று உறைக்கவே கொஞ்சம் நேரமானது. லோகா மதினி முந்திக்கொண்டாள். "சமையலெல்லாம் தெரியுமாம்மா? எங்க சுகந்தி வீட்ல சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடினா கவர்னர் ஆட்சிதான்." எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள், சிரிப்போடு ஆட்டம் கூடியது, முன்னும் பின்னும், நாற்காலியின் ஒரு கால் க்ளிக் க்ளிக் என்று டைல்ஸில் இடித்தது. முத்துலெட்சுமியின் கண் மகள் முதுகுக்குப் போயிற்று, பிறகு சுகந்தியின் முகத்துக்கு வந்தது, அப்புறம் தட்டுக்கு, அப்புறம் திரும்ப முதுகுக்கு. அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கு மட்டும் என் பிள்ளையைப் பற்றி என்ன தெரிந்தது, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போனில், சாப்பிட்டியாடா என்று கேட்டேன், சாப்பிட்டேன்மா என்றான், அன்றுதானோ என்னவோ, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே பேசினானோ என்னவோ, பின்னால் அந்த பக்கெட். கல்யாணச் சாப்பாட்டையா சாப்பிட்டேன் என்றான்? யார் சமைத்தது? ஓட்டலா? இந்தப் பெண் ஏன் இப்படி ஆடுகிறாள்? சட்டென்று அவளுக்கு ஒன்று வெளிச்சமாயிற்று, தலைக்குள் யாரோ ஸ்விட்சைத் தட்டிய மாதிரி: இவளுக்கு இஷ்டமில்லை. அதுதான். இவளும் ஒருத்தனை மனதில் வைத்திருக்கிறாள், வீட்டில் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள், பயத்தில் ஆடுகிறாள். அட மகராசி! அப்படியானால் பாவம் பழி ஒன்றுமில்லை, தட்டைத் தொடாமல் எழுந்தால் இவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, பக்கெட்டோடு நிற்கிறவளுக்கும் நல்லது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த அம்மிக்கல் கொஞ்சம் நகர்ந்தது. சண்முகசுந்தரம் மாப்பிள்ளையிடம் சென்னையில் தண்ணீர்க் கஷ்டம் எப்படி என்று கேட்டார், அவன் பரவாயில்ல அங்கிள் என்றான். தனி ரூமா, பிரண்ட்ஸோடயா என்றார்.  இப்போது அவன் வாயில் எது வரும் என்று சுகந்தியின் காது நீண்டது, சொல்லிவிடாதே கழுதை, இன்னும் ரெண்டே நிமிஷம், பல்லைக் கடி. ஆம், பல்லுக்கு நடுவில் ஏதோ மொறுமொறுவென்று, நல்ல வறுபட்ட ருசி, உப்பு, கொஞ்சம் பெருங்காயம். "பிரண்ட்ஸோட" என்றான் கைலாஷ். அப்பாடா. பெண்ணின் ஆட்டம் நிற்கிறதா என்று பார்த்தாள், இல்லை, முன்னால், பின்னால், இவள் பல்லும் அதே தாளத்துக்கு, மொறுக், மொறுக், நிலக்கடலையாகப் பார்த்துப் பொறுக்கி, தோல் நீக்கி, மொறுக்.

ஹாலில் பேச்சு நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. சிதம்பரநாதன்கூட அதைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார். எல்லாரும் இவளைத்தான் பார்த்தார்கள், முகத்தை அல்ல, அதற்குக் கீழே. சுகந்தி குனிந்தாள். தட்டில் மிக்சருக்கு நடுவே ஒரு குழி. குழியில் ஒரு கை. கையில் அவளுடைய வளையல், அவளுடைய மோதிரம். மடியில் பட்டுப்புடவை மேல் கடலைத்தோல் சிவப்புச் சிவப்பாக, ஒன்றிரண்டு அல்ல, பூச்சி அரித்த மரத்தடி மாதிரி. அந்தக் கை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கடலையை எடுத்தது, இரண்டு விரலால் உருட்டித் தோலை உரித்தது, வாய்க்குக் கொண்டுவந்தது, வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை. வாய் திறந்தது. கோயில் கூட்டத்தில் தன் தோளில் யாரோ கை வைத்தால் வருமே ஒரு குளிர், அந்தக் குளிர் பிடரியில் ஏறியது, இந்தக் கை யாருடையது, எத்தனை காலமாக இது என்னோடு இருக்கிறது, ரிமோட்டு, முந்தானை, ஐயோ, ரிமோட்டு. "வச்சிட்டா!" லோகா மதினி கைதட்டியே விட்டாள். "என் தம்பி பெண்டாட்டி தட்டுல கை வச்சிட்டா! வச்சதுமில்லாம பாதித் தட்டக் காலி பண்ணிட்டா! இவளுக்கு லேசுல ஒண்ணு பிடிக்காதே, நான் என்னமோ ஏதோன்னு பயந்துக்கிட்டுல்லா இருந்தேன்!" சண்முகசுந்தரம் எழுந்து சிதம்பரநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை. சிதம்பரநாதன், இருபத்தெட்டு வருஷத்தில் பெண்டாட்டி முதல்முறையாக ஒரு காரியத்துக்குக் குறை சொல்லாமல் சம்மதித்த மகிழ்ச்சியில், ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டார். கைலாஷை இப்போது பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. ஏழாவது மாடியிலிருந்து பிடித்த கையை விட்டுவிட்டால் கீழே போகிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

இல்லை, நான் சாப்பிடவில்லை, தட்டை எடுங்கள் என்று நாக்கு சொல்லப் பார்த்தது. நாக்கில் கடலைமாவு ஒட்டிக்கொண்டு புரளவில்லை. ஊரெல்லாம் பயப்படுகிற நாக்கு. பால்காரன், கேபிள்காரன், மாடிவீட்டு டீச்சரம்மா எல்லாரையும் ஓட ஓட விரட்டிய நாக்கு. முத்துலெட்சுமி உள்ளே ஓடினாள், திரும்பி வரும்போது வாழை இலையில் சுற்றிய பூ, ஈரம் சொட்ட, பிச்சியும் மல்லியும் சேர்த்து நெருக்கிக் கட்டியது. சம்மதம் சொன்னால் மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே பெண் தலையில் பூ வைக்க வேண்டும், அதற்காக எப்போதும் வாங்கி வைத்திருப்பார்கள் போல. "அக்கா, உங்க கையால" என்றாள். அவள் கண் நிறைந்து நின்றது. அந்தக் கையால்தான், அந்தக் கையிலேயே பூவைக் கொடுத்தார்கள். எழுந்து நடந்தாள், கால்கள் ஒழுங்காக நடந்தன, சிஸ்டர் பிலோமினாவின் கால்கள். பெண்ணின் பின்னால் போய் நின்றாள். பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது, அது ஆட்டம்கூட இல்லை, உள்ளே ஏதோ மோட்டார் ஓடுகிறது, நாற்காலி முதுகைப் பிடித்த இவள் உள்ளங்கைக்குள்ளும் அது ஏறுகிறது. ஒரே வழிதான் பாக்கி. பெண் வாயால் வேண்டாம் என்று வந்துவிட்டால் தட்டும் பூவும் செல்லாது. குனிந்து பின்னலை ஒதுக்குகிற சாக்கில் காதருகே சொன்னாள், "உனக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லு தாயி. பயப்படாத. யாரும் உன்ன ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கிடுதேன்." காலையில் மகனிடம் சொன்ன அதே வார்த்தை. பகவதி திரும்பாமல், உதடு அசையாமல், "இஷ்டந்தான் ஆன்ட்டி" என்றாள். "அப்பறம் எதுக்கு இப்படி ஆடுத?" "அது எப்பவும் உண்டு. ஆள் வந்துட்டா கூடிரும். நிறுத்தணும்னு நெனச்சா இன்னும் கூடும். இதுவர வந்தவங்க எல்லாரும் அதப் பாத்துட்டுக் காபியோட எந்திரிச்சுப் போயிட்டாங்க. அம்மா ஒவ்வொரு தடவயும் பூ வாங்கி வைப்பா."  மூச்சு வாங்கினாள். "நீங்க வந்ததுலேர்ந்து என்னையேதான பாத்துக்கிட்டிருந்தீங்க. பாத்துட்டும் சாப்பிட்டீங்களே. எனக்கு நம்பவே முடியல."

பாத்துட்டும் சாப்பிட்டீங்களே. சுகந்தி நிமிர்ந்தாள். ஹால் முழுக்கப் பல் தெரிந்தது. பூவை வைத்துவிட்டால் இந்தக் கணம் நன்றாக முடியும், எல்லாரும் சிரிப்பார்கள், காருக்குப் போவார்கள், அப்புறம் நாளைக்கோ நாளன்றைக்கோ போனில், மன்னிக்கணும், ஜாதகத்தில் ஒரு சின்னக் கோளாறு. பூ வைத்த தலை, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு தலைகுனிவு இவளுக்குத்தான். வெட்டினால் இங்கேயே வெட்ட வேண்டும். "நான் இந்தப் பூவ வைக்க முடியாது" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "என் மகனுக்குக் கல்யாணம் ஆயிட்டு. போன மாசமே. எனக்குக் காலையிலதான் தெரியும்."  அப்புறம் சிதம்பரநாதன், வாயில் முந்திரிக்கொத்தோடு, "சுகந்தி, என்ன சொல்லுத?" என்றார், கோபமில்லாமல், ஒரு சொல் புரியாதவர் போல. லோகா மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கைலாஷ் "ஆமாப்பா" என்றான், இந்த முறை பாதி வெட்டாமல், தலையை நிமிர்த்தி. சண்முகசுந்தரம் பிடித்திருந்த கையை விட்டார், விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டார். யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

பகவதி நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பி அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. வகுப்பில் ஒரு கணக்கு தப்பாக வந்தால் எங்கே தப்பியது என்று தேடுகிற பார்வை. "தெரிஞ்சேதான் வந்தீங்களா ஆன்ட்டி? அப்போ ஏன் சாப்பிட்டீங்க?" குத்தலில்லை அதில், நிஜமாகவே கேட்டாள், இந்த வீட்டில் வேறு யாரும் கேட்கத் தோன்றாத கேள்வி. பசி என்று சொல்லலாம். மறதி என்று சொல்லலாம். வாய்க்கு வாய் பதில் சொல்லியே ஐம்பது வயதைக் கடந்தவளுக்கு எத்தனை பொய் அகப்படாது? "நான் சாப்பிடல" என்றாள் சுகந்தி. "என் கை சாப்பிட்டுச்சு. எனக்குத் தெரியவே தெரியாது தாயி." லோகா மதினி, "இது என்னடி பேச்சு, பைத்தியக்காரி!" என்றாள் பின்னாலிருந்து. ஆனால் பகவதியின் கண் கீழே இறங்கி அந்தக் கைக்கு வந்துவிட்டது. அது பூச்சரத்தைப் பிடித்திருந்தது. பிடித்து, ஒவ்வொரு மொட்டாகக் காம்போடு கிள்ளி, உருட்டி, கீழே விட்டுக்கொண்டிருந்தது. அவள் தோளிலும் மடியிலும் டைல்ஸிலும் மொட்டுகள் கிடந்தன, பாதிச் சரம் வெறும் நாராகியிருந்தது. அவள் அந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள். அந்த ஹாலில் அதைப் புரிந்துகொள்ள அவள் ஒருத்திதான் உண்டு. புரிந்துகொள்வது முகத்தில் மெல்லப் பரவுவதைச் சுகந்தி பார்த்தாள். தன்னை இப்படியே பார்த்தும் ஒருத்தி கை வைத்தாள் என்று அந்தப் பெண் நம்பி வைத்திருந்தது அதோடு போய்க்கொண்டிருந்தது. "ஓ" என்றாள் பகவதி, மிக மெதுவாக. பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டு, தோளில் கிடந்த மொட்டுகளைத் தட்டிவிட்டாள்.